வெறுங்காலில் ஓட்டிய ஹெரால்டு

அன்புள்ள பிரபு,

நேற்று சாயங்காலம் அந்தோணி போன் செய்தார். நம் ஹெரால்டு காரை வாங்கிக்கொண்டு போன பாலவாக்கம் அந்தோணிதான். "சார், உங்க பையன் எங்க கேட்டாண்ட வந்து நின்னுகினு கீறாரு. உள்ள வாங்கன்னா வரல. வண்டியத் திரும்பக் குடுத்துருங்கன்றாரு. நான் இன்னா சார் பண்றது?" என்றார். குரலில் கோபம் இல்லை, தர்மசங்கடம்தான் இருந்தது. அடுத்த மாதம் தாலி கட்டப்போகிற பிள்ளை தன் வீட்டு வாசலில் முகம் வாடி நிற்பதை எந்த நல்ல மனுஷனும் விரும்பமாட்டான். ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். கொடுத்திருப்பார். நீ குடித்தாயா என்பதுதான் தெரியவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் நேரில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நான் ஒரு ஜோக் அடிப்பேன், நீ சிரிப்பாய், உன் அம்மா காபி கொண்டுவருவாள், பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் நான். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஜோக் அவ்வளவு சுலபமாக வராது. அந்த தைரியத்தில் பேனாவை எடுத்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டியை நான் விற்றதற்குக் காரணம் நீ இல்லை. என் வலது கால். சர்க்கரை வந்து அந்தக் காலுக்கு உணர்ச்சி போய்விட்டது. பெடலை மிதிக்கிறேனா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

உன்னிடம் வேறு கதை சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். அசோக் நகர் அத்தை போனில் உன்னை வறுத்தெடுத்ததை உன் அம்மா சொன்னாள். "மாப்பிள்ளை அழைப்புக்கு கார்ல வரமாட்டேன்னு நீ சொன்ன, அந்த மனுஷன் அந்த வாரமே வித்துட்டாரு. உனக்காகவே பார்த்துப் பார்த்துப் பண்ண வண்டிடா" என்றாளாம். கேட்பவர்களுக்குக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. நீயும் அப்படியே நம்பிவிட்டாய். நம்பினதோடு நிற்காமல், பாவம், "நான் கார்லயே வர்றேன்பா, எத்தனை தடவை வேணாலும் மாடவீதி சுத்தறேன்பா" என்று சொன்னாய். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வழக்கம்போல "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றேன். அந்த ஒண்ணுமில்லைதான் உன்னைப் பாலவாக்கம் வரை துரத்தியிருக்கிறது.

அந்த வண்டி எப்படி வந்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். மந்தைவெளியில் நாம் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார டீச்சரம்மா, காம்பவுண்டுக்குப் பின்னால் இறந்துபோன தன் வீட்டுக்காரரின் காரை நிறுத்தி வைத்திருந்தார். நிறுத்தி வைத்திருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான்கு சக்கரமும் மண்ணுக்குள் போய், பின் சீட்டில் பூனை குட்டி போட்டு, ஜன்னல் வழியே முருங்கைக் கிளை உள்ளே வந்திருந்தது. காயலான் கடைக்காரனை வரச்சொல்லுங்கள் என்று அவர் என்னைத்தான் அனுப்பினார். நான் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவந்து, நானே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தி. நகர் புடவைக் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டு, வாங்காத பெண்களுக்கும் புடவை விரித்துக் காட்டுகிறவன். அவனுக்கு எதற்குக் கார்?

ராயப்பேட்டை ஜமால் பாயை உனக்கு நன்றாகத் தெரியும், டிங்கர் வேலை பார்ப்பவர். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். சுற்றி ஒருமுறை நடந்தார், பீடியை அணைத்தார். "நைனா, இது காரு இல்ல. காரோட ஆவி" என்றார். அப்புறம் அந்த ஆவிக்கு உடம்பு கொடுக்க இரண்டு பேரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமையைத் தின்றோம் என்பதை உன் அம்மாவிடம் கேள். புதுப்பேட்டையில் ஒரு கதவுக் கைப்பிடிக்காக நாள் முழுக்க அலைந்திருக்கிறோம். ஹெரால்டுக்கு முன்பக்கம் முழுசாக, மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். உன் அம்மா அதற்கு முதலை வாய் என்று பேர் வைத்தாள். "அந்த முதலை வாய்க்குள்ள தலையக் குடுத்தா சாப்பாட்டு ஞாபகமே வராதே, சக்களத்திக்குக் கூட யாரும் இவ்ளோ செய்யமாட்டாங்க" என்பாள். சொல்லிவிட்டு இரண்டு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து மட்கார்டு மேலேயே வைப்பாள். பாய் தன் தட்டை உடனே எடுத்துக்கொள்வார். என் சோறுதான் ஆறும்.

கலர் தேர்ந்தெடுக்கிற இடத்தில் மட்டும் யாரையும் விடவில்லை. அது என் தொழில். வண்டிக்குச் சந்தனக் கலர், சீட்டுக்கு அரக்கு. சந்தனத்தில் அரக்கு பார்டர் எந்த முகூர்த்தத்துக்கும் தோற்காது. பெயிண்ட் காய்ந்து, கூரைத் துணியை மடித்துப் பின்னால் தள்ளி, வெயிலில் நிறுத்தினபோது பாய் சீட்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஒரு பிளவுஸ் பிட்டும் வெச்சி அனுப்பு நைனா, காஞ்சிபுரம்னு வித்துடலாம்."

மேல் திறந்த வண்டி மயிலாப்பூரில் இருந்தால் என்ன ஆகும்? மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வருவார்கள். முதலில் எதிர் வீட்டுக்காரர், அப்புறம் அவர் தம்பி, அப்புறம் முகம் தெரியாதவர்கள். நான் வாடகை வாங்கவில்லை. பந்தியில் ஒரு இலை, தாம்பூலப் பையில் ஒரு தேங்காய், அதுதான் என் கட்டணம். தர்மசிந்தனை என்று நினைக்காதே. எனக்கு அது உன் கல்யாணத்துக்கு ஒத்திகை. கோயிலிலிருந்து மண்டபம் வரை மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் வண்டி ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதல் கியரில், கிளட்சைப் பாதி மிதித்து, வலது காலில் துளி ஆக்ஸிலேட்டர், துளி பிரேக், மறுபடி துளி ஆக்ஸிலேட்டர். கொஞ்சம் அதிகமானால் மாப்பிள்ளையின் தலைப்பாகை நழுவும். வேகமாக ஓட்ட எந்தக் கழுதைக்கும் தெரியும், பிரபு. கூட நடந்து வருபவர்களின் வேகத்துக்கு ஓட்டுவதற்குத்தான் பழக்கம் வேண்டும். இதைக் கல்யாண அறிவுரையாக நீ எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். சாமிக்குச் சாத்தி எடுத்த மாலையை வண்டியின் முன்னால் கட்டுவார்கள் அல்லவா, அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டுவேன். பக்தி பாதி. மீதி, பாதம் நேராகப் பெடலைத் தொட்டால்தான் அந்தத் துளிக்கணக்கு வரும். ஹெரால்டின் பெடல்கள் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருக்கம். செருப்புக் காலால் அந்த வித்தை முடியாது. "அண்ணன் காலாலேயே வீணை வாசிக்கிறார்" என்று எதிர் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் எவ்வளவு பூரித்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

கால் எப்போது என்னை விட்டுப் போக ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடையில் நிற்கும்போது பஞ்சு மெத்தை மேல் நிற்பதுபோல் இருந்தது. முதலாளி நல்ல தரைவிரிப்பு போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் லஸ் கார்னரிலிருந்து வீட்டுக்கு நடந்துவந்து வாசலில் செருப்பைக் கழற்றப் போனால், வலது காலில் செருப்பே இல்லை. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படியே நடந்தேன், எதுவும் தெரியாது. உன் அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஒத்தச் செருப்புதான் இப்ப ஃபேஷன்" என்றேன். உனக்கும் போனில் சொல்லி, நீயும் சிரித்தாய். நல்ல ஜோக்குதான். அதனால்தான் யாரும் டாக்டரிடம் போகச் சொல்லவில்லை.

ஆவணி மாதம் எதிர் வீட்டுப் பையன் கல்யாணம் நடந்ததே, அந்த மாப்பிள்ளை அழைப்பில்தான் அது நடந்தது. பிள்ளையார் கோயிலில் தீபாராதனை முடிந்து கிளம்பினோம். அன்று காலை வண்டியைக் கழுவினதில் காலடி ரப்பர் மேட் ஈரமாக இருந்தது, காயப்போட்டுவிட்டு வந்திருந்தேன். வெறும் தகட்டின் மேல் வெறுங்கால். மேளம் முன்னால் போகிறது. தவில்காரர் எனக்கு முதுகு காட்டி, தனி ஆவர்த்தனமே நடத்திக்கொண்டு போகிறார். அவருக்கும் வண்டிக்கும் நடுவில் பட்டுப்பாவாடை கட்டின சின்னப் பெண் ஒருத்தி ஆடிக்கொண்டே வந்தாள். அவளுடைய அம்மா கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள். அவள் இழுத்த பிறகு, மேளம் ஒரு வாசலில் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். இன்னும் கொஞ்சம் முன்னால் போனது. பம்பர் போய்த் தவில்காரரின் முழங்காலுக்குப் பின்னால் தொட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டுப் பையன் எவனோ தள்ளுகிறான் என்று நினைத்து, வாசித்துக்கொண்டே சொன்னார்: "இரு மச்சி, தள்ளாத. பாட்டு முடியட்டும்."

குனிந்து பார்த்தேன். என் கால் ஆக்ஸிலேட்டரின் ஓரத்தில் இருந்தது. பிரேக்கின் மேல் இருக்கிறது என்று நான் சத்தியம் செய்திருப்பேன். முழங்காலைக் கையால் பிடித்து, சாமானைத் தூக்குவதுபோல அந்தக் காலைத் தூக்கி பிரேக் பக்கம் வைத்தேன். சாவியைத் திருப்பி அணைத்தேன். வேர்த்தது, நடுங்கியது என்றெல்லாம் எழுத ஆசைதான். ஒன்றும் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணின் பாவாடை என்ன கலர் என்று மட்டும் மனசு குறித்துக்கொண்டது. கிளிப்பச்சை, மாம்பழ பார்டர். இன்ஜின் சூடாகிவிட்டது, இனி கிளம்பாது என்று அறிவித்தேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் உற்சாகமாக மண்டபம் வரை தள்ளிக்கொண்டே போனார்கள். நான் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். ஒரு குறையும் இல்லாத வண்டி. என் காலுக்கு வரவேண்டிய கெட்ட பெயரை முதலில் அதுதான் வாங்கிக்கொண்டது. அடுத்தது நீ.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா தரையைப் பார்த்து, "என்னங்க, எதை மிதிச்சிட்டு வந்தீங்க?" என்றாள். ஹாலில் ஈரமாகத் தடம் பதிந்திருந்தது. இன்ஜின் சூட்டில் கொதித்த தகட்டில் குதிகால் வெந்து, கொப்புளம் கிளம்பி, அது உடைந்தும் போயிருந்தது. நான் அந்தக் காலோடுதான் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவள் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "வலிக்கலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அழுதாள். வலிக்காததற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடையாறில் சர்க்கரை டாக்டரிடம் போனோம். உன் வயசு இருக்கும், துறுதுறுவென்று ஒரு பெண். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். பாதத்தில் நூல் மாதிரி ஒன்றை வைத்து அழுத்துவாளாம், பட்டால் 'ம்' சொல்ல வேண்டுமாம். பரீட்சை என்றாலே எனக்குப் பக்கத்து பேப்பர் பார்க்கிற புத்தி. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தாளத்தில் "ம்... ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், நான் இன்னும் வைக்கவே ஆரம்பிக்கல." உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். கார் ஓட்டுவீர்களா என்று டாக்டர் கேட்டாள். இனிமேல் வேண்டாம் என்றாள். "திரும்ப வருமா?" என்று கேட்டேன். "இருக்கறதைக் காப்பாத்திக்கலாம் அங்கிள்" என்றாள். புடவைக் கடையில் சாயம் போகுமா என்று கேட்டால் நாங்கள் சொல்கிற பதிலும் இந்த ரகம்தான், அதனால் உடனே புரிந்துவிட்டது.

உன்னிடம் சொல்ல வேண்டாம், கல்யாண வேலையில் இருக்கிறான் என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவளைத் திட்டாதே. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும், நீ கட்டிக்கொள்ளப்போகிற நித்யாவும் வந்தீர்கள். தோசை சாப்பிட்டுக்கொண்டே, நீ ரொம்பத் தயங்கி ஆரம்பித்தாய். "அப்பா, தப்பா நினைக்காதீங்க. ரோட்டை அடைச்சிகிட்டு, ஊரே வேடிக்கை பார்க்க... நான் என்னப்பா உற்சவர் சாமியா?" நித்யா உன்னைக் காலால் இடித்ததையும் பார்த்தேன். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? நான் வருத்தத்தை மறைக்கச் சிரித்ததாக நீ இப்போது நினைக்கிறாய். இல்லை. அது நிம்மதி. மாப்பிள்ளை அழைப்பு வேண்டாம் என்று நீ சொன்ன அந்த நிமிஷத்தில், என்னால் ஓட்ட முடியாது என்று நான் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நீ விரித்த பாயில் நான் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டேன். டிரைவர் வைத்து ஓட்டலாமே என்று கேட்பாய். வெறுங்காலில் அந்தத் துளிக்கணக்கு தெரிந்த டிரைவர் யார்? அப்படி ஒருவன் இருந்தாலும், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற அளவுக்கு உன் அப்பா பெரிய மனுஷன் இல்லை.

அந்தோணியைப் பாய்தான் கூட்டிவந்தார். கடலுக்குப் போன குடும்பம், இப்போது ஐஸ் வியாபாரம். ஈஸ்டர் கழித்து அவர் மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம், அந்தப் பெண் திறந்த காரில் வரவேண்டும் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். விலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அதில் பேசவும் ஒன்றுமில்லை. கடல் காற்றுக்கு ஹெரால்டு துரு பிடிக்கும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவ வேண்டும் என்று சொன்னேன். "கடலாண்டயே பொறந்து வளந்தவன் சார், துருவாண்டதான் என் பொழப்பே" என்றார். சோக்கைப் பாதி இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று காட்டினேன். ஒரே தடவையில் கிளம்பியது.

உன் அம்மா, புது வண்டிக்குச் செய்வதுபோல நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். போகிற வண்டிக்கு எதற்கு என்று கேட்டேன். "போற எடத்துல அது புது வண்டிதானே" என்றாள். பழம் நசுங்கின சத்தம் கேட்டது. நம் தெருவில் எந்தக் காரும் திரும்புவதற்கு இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பும். அந்தோணிக்கு அது தெரியாது, ரிவர்ஸ் எடுக்கப் போனார். நான் கையைக் காட்டி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கச் சொன்னேன். ஒடித்தார். திரும்பியது. போய்விட்டது. பாய் தோள்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவர் சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ ஏன் நைனா அழமாட்டேன்ற?" என்று கேட்டார். சட்டை பட்டனைச் சரியாகப் போடுங்கள் பாய் என்றேன்.

பொய் சொல்லவில்லை பிரபு, எனக்கு எதுவும் தோன்றவில்லை. வண்டியின் மேல் மூடுகிற உறை தரையில் கிடந்தது. அதை எடுத்து உதறி, கரைக்குக் கரை சேர்த்து, புடவை மடிப்பதுபோல மடித்து அலமாரியில் வைத்தேன். உப்புமா சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. டிவியில் செய்தி பார்த்தேன். அக்கம்பக்கத்தில் துக்கம் விசாரிப்பதுபோல வந்தார்கள், அவர்களுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அந்த வருத்தத்துக்காக நானும் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. ஒருவேளை வந்து, எங்கேயாவது அழுத்திக்கொண்டிருக்கிறதோ என்னவோ. எனக்குத்தான் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 'ம்' சொல்கிறவனிடம் என்ன கேட்டு என்ன பயன்?

இதில் உனக்கு அறிவுரை என்று ஒன்று இருந்தால், அது இவ்வளவுதான். நித்யா ஒருநாள் உன்னிடம், என்ன ஆச்சு, ஏன் ஒரு மாதிரி இருக்கே என்று கேட்பாள். என் மகன் நீ. "ஒண்ணுமில்ல" என்பது உன் நாக்கு நுனியில் ரெடியாக நிற்கும். அதை விழுங்கு. தெரியவில்லை என்றாவது சொல். வலிக்கிறது என்றால் சொல், வலிக்கவில்லை என்றால் அதையும் சொல். வலி இருக்கிறவன் காலைத் தூக்கிக்கொள்வான். வலி இல்லாதவன்தான் வேகிற தகட்டின் மேல் வைத்துக்கொண்டு பாயசம் கேட்பான்.

இனி பாலவாக்கம் போகாதே. அந்த வண்டிக்காக ஒரு பெண் ஈஸ்டரை எண்ணிக்கொண்டிருக்கிறாள். உனக்கு மாப்பிள்ளை அழைப்பு வேண்டாம் என்று தோன்றினால் அது வேண்டாம்தான், எனக்காக உற்சவராகாதே. கோயிலிலிருந்து மண்டபம் என்ன, நடக்கிற தூரம். நித்யாவும் வந்தால் இரண்டு பேருமாக நடந்து வாருங்கள். நானும் கூட நடக்கிறேன், இந்தத் தடவை செருப்புப் போட்டுக்கொண்டு. கழன்றால் யாராவது சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் அந்தோணிக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். புதுப்பேட்டையில் உபரியாகக் கிடைத்த ஒரு பக்கக் கண்ணாடி, உருண்டையாக, குரோமியம் மின்னிக்கொண்டு. தினமும் சாயங்காலம் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். கல் குத்தியிருந்தாலும் கொப்புளம் வந்திருந்தாலும் கண்தான் சொல்ல வேண்டும், கால் சொல்லாது. நாற்காலியில் உட்கார்ந்து, ஹெரால்டின் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். பின்னால் வருவதைப் பார்க்கச் செய்த கண்ணாடி, ஒரு பாதம் முழுசாகத் தெரிகிறது. ஆனால் குதிகாலின் ஓரம் மட்டும் எப்படிப் பிடித்தாலும் அகப்படுவதில்லை. உன் அம்மாவுக்குக் கண்ணில் புரை, அவளை நம்ப முடியாது.

முகூர்த்தத்துக்கு முன்னால் எங்களுக்கு நீ பாதபூஜை செய்ய வேண்டியிருக்கும். ஐயர் அவசரப்படுத்துவார், போட்டோக்காரர் முகத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார். நீ அவர்கள் பேச்சைக் கேட்காதே. சொம்புத் தண்ணீரை ஊற்றுவதற்கு முன்னால் உன் கையில் ஊற்றிச் சூடு பார். எனக்குத் தெரியாது. சந்தனம் வைக்கும்போது வலது காலைக் கொஞ்சம் திருப்பி, அந்தக் குதிகால் ஓரத்தை ஒருதரம் பார்த்துவிடு. ஏதாவது இருந்தால் அங்கேயே சொல். ஒண்ணுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்.

அப்பா